குழந்தையின் டாக்டரை மாற்றுவதா வேண்டாமா: முடிவெடுப்பது முதல் கோப்பு கைமாறுவது வரை

டாக்டரை மாற்றிவிட வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் கிளினிக்கிலிருந்து திரும்பும் வழியில்தான் வருகிறது. குழந்தை அழுது களைத்திருக்கும். காத்திருந்த எரிச்சல் அடங்கியிருக்காது. கேட்க நினைத்ததில் பாதியைக் கேட்காமலே எழுந்து வந்திருப்போம். அந்த நேரத்து முடிவு சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் நிதானமும் ஒரு தாளும் பேனாவும் வேண்டும்.

மாற்றுவதால் இழப்பு உண்டு. பல மாதங்களாகப் பார்த்து வரும் டாக்டருக்கு உங்கள் குழந்தையின் வழக்கமான நிலை தெரியும். மூச்சு எப்போதும் எப்படி இருக்கும், காய்ச்சல் வந்தால் எவ்வளவு சோர்ந்துபோகும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் அவர் நினைவில் இருக்கும். புதியவர் அதை முதலிலிருந்து கற்க வேண்டும். ஆனால் தங்குவதாலும் இழப்பு உண்டு. குழந்தை தன் நோயைச் சொல்லாது. பெற்றோர் சொல்வதை வைத்துத்தான் குழந்தை மருத்துவத்தின் பாதி நடக்கிறது. அதனால் முதலில் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: திட்டுவாரோ, சலித்துக்கொள்வாரோ என்று பயந்து டாக்டரிடம் எதையாவது சொல்லாமல் விடத் தொடங்கிவிட்டீர்களா? ஆம் என்றால், அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவருக்குக் கிடைக்கும் தகவல் குறைந்துவிட்டது. இதைச் சரிசெய்ய முடியுமா என்பதைச் சுற்றித்தான் கீழே வரும் எல்லாம்.

குறை எந்த இடத்தில் இருக்கிறது

கடைசி நான்கைந்து முறை போனபோது மனதில் உறுத்தியவற்றை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள். மருத்துவம் பற்றியது என்றால் ‘ம’, பேசும் விதம் பற்றியது என்றால் ‘பே’, கிளினிக் நிர்வாகம் பற்றியது என்றால் ‘நி’.

பட்டியலில் ‘நி’ மட்டுமே நிறைந்திருந்தால் டாக்டரை மாற்ற அவசரப்பட வேண்டாம். காத்திருப்பு, வரவேற்பில் இருப்பவரின் கடுகடுப்பு, போன் எடுக்காதது போன்றவற்றில் பலவற்றுக்கு வேறு வழி உண்டு. வேளை தொடங்கியதும் முதல் ஆளாக நேரம் வாங்குவது, தடுப்பூசிக்கும் நோய்க்கும் தனித்தனி நாள் கேட்பது, நீண்ட நேரம் பேச வேண்டிய விஷயத்தை முன்கூட்டியே சொல்லி வைப்பது ஆகியவை பெரும்பாலும் பலன் தரும். ஆனால் நிர்வாகக் குறைபோல் தோன்றும் சில, உண்மையில் மருத்துவக் குறைகள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தும் யாரும் சொல்லவில்லை, மருந்து இருப்பில் இல்லை என்று தடுப்பூசி மாதக்கணக்கில் தள்ளிப்போனது, இரவில் குழந்தைக்கு முடியாமல் போனால் எங்கே போவது என்று எந்த ஏற்பாடும் இல்லை: இவற்றுக்கு ‘ம’ போடுங்கள்.

உடனே விலக வேண்டிய காரணங்கள்

சில விஷயங்களுக்கு இரண்டாவது வாய்ப்பு தேவையில்லை. குழந்தையை அடிப்பது, மிரட்டுவது, உடல் பற்றிக் கேலி செய்வது. பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுச் சிறு குழந்தையின் அந்தரங்க உறுப்புகளைப் பரிசோதிப்பது. பெயர் எழுதாத பொட்டலத்திலோ புட்டியிலோ மருந்து கொடுத்து, என்ன மருந்து என்று கேட்டால் சொல்ல மறுப்பது. கோப்பின் நகலைத் தர மாட்டேன் என்பது. வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்டதற்காகக் கோபித்துக் குழந்தையைப் பார்க்க மறுப்பது. இவற்றில் ஒன்று நடந்தாலும் போதும்.

டாக்டர் சரியாகச் செய்ததே குறையாகத் தெரியும் இடங்கள்

டாக்டரை மாற்றுவதில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். நல்ல டாக்டரை விட்டு, கேட்டதையெல்லாம் எழுதித் தருபவரிடம் போய்ச் சேர்வார்கள். குழந்தைக்கு அது நஷ்டம்.

சளிக்கு ஆன்டிபயாடிக் தரவில்லை என்பது ஒரு புகார். பள்ளிக்குப் போகும் வயதுக்கு முன்னால் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு. கிட்டத்தட்ட எல்லாமே வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது மட்டும் பாக்டீரியாத் தொற்றுக்கு அடையாளம் ஆகாது. சளிக்குப் பின் வரும் இருமல் 3 வாரம்கூட நீடிக்கலாம். இதை விளக்கி, எது வந்தால் திரும்ப வர வேண்டும் என்றும் சொல்லி வெறும் கையோடு அனுப்பிய டாக்டர் தன் வேலையைச் செய்திருக்கிறார்.

இருமல் சிரப் தரவில்லை என்பது இன்னொன்று. 4 வயதுக்குக் கீழ் கடையில் கிடைக்கும் சளி, இருமல் மருந்துகளால் பலன் மிகக் குறைவு, ஆபத்து அதிகம். கோடீன் (இருமலை அடக்கும் ஓபியாய்டு வகை மருந்து) கலந்தவற்றை 12 வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது. வயிற்றுப்போக்குக்கு ‘வெறும்’ உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாகமும் (ஜிங்க்) தந்தார் என்று வருத்தப்படுபவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் சிகிச்சையே அதுதான்: கரைசலோடு துத்தநாகம், 10 முதல் 14 நாள்.

2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு லேசான காதுவலி என்றால் வலிக்கு மட்டும் மருந்து தந்து 48 முதல் 72 மணி நேரம் பொறுத்துப் பார்ப்பதும் ஏற்கப்பட்ட முறைதான். குழந்தை டாக்டரைக் கண்டதும் வீறிட்டு அழுவதை அவர்மேல் குற்றமாக வைக்க வேண்டாம். ஏறக்குறைய 6 மாதம் முதல் 3 வயது வரை அறிமுகமில்லாத முகத்துக்குப் பயப்படுவது வளர்ச்சியின் பகுதி. எடை கூடிவிட்டது, திரை பார்ப்பதைக் குறையுங்கள் என்று நேராகச் சொன்னதும் அப்படியே. கேட்கக் கசப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டியது அவர் கடமை.

அடுத்த இரண்டு வருகைகளில் எதைப் பார்ப்பது

மேலே சொன்ன இரண்டிலும் சேராத குறை என்றால், அடுத்த இரண்டு முறை போகும்போது மனவருத்தத்தை ஓரம் வைத்துவிட்டு நடப்பதை மட்டும் குறியுங்கள். முடிந்தால் ஒன்று நோய்க்காகவும் மற்றொன்று தடுப்பூசிக்காகவும் இருக்கட்டும்.

முதலில் எடை. ஒவ்வொரு முறையும் நிறுத்தார்களா? குழந்தைகளுக்கு மருந்தின் அளவைப் பெரும்பாலும் எடையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.கி.; இரண்டு வேளைக்கு இடையே குறைந்தது 4 முதல் 6 மணி நேரம்; 24 மணி நேரத்தில் 4 முறைக்கு மேல் வேண்டாம். 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 முதல் 180 மி.கி. ஆகிறது. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 5 முதல் 7.5 மி.லி. அதே மருந்து 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பாக வந்தால் 2.4 முதல் 3.6 மி.லி.தான். ஒரு மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.2 முதல் 1.8 மி.லி. சீட்டில் ‘காய்ச்சல் சிரப், ஒன்றரை ஸ்பூன்’ என்று மட்டும் இருந்து, வீட்டில் 250 மி.கி. சிரப் இருந்தால் 7.5 மி.லி. உள்ளே போகும். அது 375 மி.கி.; அதிகபட்ச அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். எடை பார்க்காமல், சிரப்பின் செறிவை எழுதாமல் சீட்டு தருவது பெரிய குறை. வேலைச்சுமையால் ஒரு முறை விட்டுப்போனால் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். இரண்டு முறையும் இப்படியே என்றால் அது அங்கே பழக்கம்.

அடுத்தது வளர்ச்சி வரைபடம். ஓர் எடை எண்ணால் எதுவும் தெரியாது, கோடுதான் பேசும். 2006இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட, 5 வயது வரைக்கான வளர்ச்சி வரைபடங்கள் பல நாடுகளில் பயன்படுகின்றன. அவற்றில் குழந்தை எந்தக் கோட்டில் இருக்கிறது என்பதைவிட, தன் கோட்டை ஒட்டியே போகிறதா என்பது முக்கியம். சிறிய உடல்வாகுள்ள குழந்தை கீழ்க்கோட்டிலேயே சீராக ஏறினால் கவலை இல்லை. நடுக்கோட்டில் இருந்தது இரண்டு பெரிய கோடுகளைத் தாண்டிக் கீழே இறங்கினால் காரணம் தேட வேண்டும். எடை, உயரம், முதல் 2 ஆண்டுகளுக்காவது தலைச்சுற்றளவு ஆகிய மூன்றையும் குறிக்கிறாரா என்று பாருங்கள். வரைபடமே இல்லாத கிளினிக்கில் ‘நல்லா வளர்றான்’ என்பது கண்ணளவு மட்டுமே.

மூன்றாவது, வளர்ச்சிப் படிகள் பற்றிய கேள்வி. இதில் ஏமாற்றம் தரும் டாக்டர்கள் உண்டு. பேச்சு தாமதமாகிறது என்று பெற்றோர் சொல்ல, ‘ஆண் பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும், 3 வயது ஆகட்டும்’ என்று முடித்துவிடுவார்கள். 12 மாதத்தில் மழலை ஒலிகளோ சைகையோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 24 மாதத்தில் தானாக இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, எந்த வயதிலாவது வந்த பேச்சு மறைந்துவிட்டது: இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கச் சொல்லக் கூடாது. முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்து, பிறகு வளர்ச்சியை முறையாக மதிப்பிட வேண்டும். தொடக்கத்திலேயே பயிற்சி ஆரம்பித்தால் கிடைக்கும் பலன், ஓர் ஆண்டு தள்ளினால் அதே அளவுக்குக் கிடைக்காது. இந்த ஒரு கவலையை இரண்டு முறை சொல்லியும் பரிசோதனை இல்லாமல் அனுப்பினால், அதை மட்டுமே காரணமாக வைத்து வேறு டாக்டரைத் தேடலாம்.

நான்காவது, கிளம்பும்போது அவர் சொல்வது. என்ன நோய் என்று நினைக்கிறார், எத்தனை நாளில் குறையும், என்ன நடந்தால் உடனே வர வேண்டும்: இந்த மூன்றும் வந்ததா? மூன்றாவதுதான் குழந்தையின் உயிரைக் காப்பது. பேச்சு கொஞ்சம் முரடாக இருந்தாலும் இதை ஒவ்வொரு முறையும் தவறாமல் சொல்பவரை எளிதில் விட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சிரித்துப் பேசி இதைச் சொல்லாமல் அனுப்புபவரைவிட அவர் மேல்.

ஐந்தாவது, பழைய சீட்டுகளை எடுத்து வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக், ஒவ்வொரு இருமலுக்கும் நெபுலைசர், ஒரே சீட்டில் ஆறேழு மருந்து என்று இருந்தால் அதைப் பட்டியலில் ‘ம’ என்று சேருங்கள்.

ஒரு முறை நேரில் கேளுங்கள்

உடனே விலக வேண்டிய காரணம் இல்லாதபோது, கேட்காமல் மாற்றாதீர்கள். பெற்றோர் மனதில் ஓடுவது பல டாக்டர்களுக்குத் தெரிவதே இல்லை. குழந்தை நன்றாக இருக்கும் நாளில் போங்கள். ‘டாக்டர், உடம்புக்கு ஒன்றுமில்லை. சிகிச்சையில் ஒரு சந்தேகம், ஐந்து நிமிஷம் வேண்டும்’ என்று தொடங்கலாம். பிறகு பொதுவாக இல்லாமல் குறிப்பாகக் கேளுங்கள். ‘நீங்கள் சரியாகக் கவனிப்பதில்லை’ என்றால் யாருக்கும் தற்காப்புதான் வரும். ‘போன முறை ஆன்டிபயாடிக் எழுதினீர்கள். எதை வைத்து பாக்டீரியாத் தொற்று என்று முடிவு செய்தீர்கள் என்று எனக்குப் புரியவில்லை’ என்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பதிலின் உள்ளடக்கத்தைப் போலவே அது வந்த விதத்தையும் கவனியுங்கள். விளக்குகிறாரா, ‘சொல்லாமல் விட்டுவிட்டேன்’ என்று ஏற்கிறாரா, அடுத்த முறை மாறுகிறாரா? இவற்றில் ஒன்று இருந்தாலும் 3 மாதம் பொறுத்துப் பார்க்கலாம். ‘டாக்டர் நீங்களா நானா’ என்று வந்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

ஒரே ஒரு நோய் பற்றித்தான் சந்தேகம் என்றால் மாற்றமே தேவையில்லை. அதற்கு மட்டும் இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேளுங்கள். பழைய சீட்டுகளையும் ரிப்போர்ட்டுகளையும் மறைக்காமல் காட்டுங்கள். மறைத்தால் அதே பரிசோதனைகள் திரும்ப நடக்கும், முன்பே கொடுத்துப் பலிக்காத மருந்தை இவரும் எழுதுவார்.

புதியவரைத் தேர்ந்தெடுப்பது

பழையவரை விடும் முன்பே புதியவரை முடிவு செய்திருக்க வேண்டும். தெரிந்தவர்களிடம் ‘நல்ல டாக்டரா?’ என்று கேட்டால் ‘ரொம்ப நல்லவர்’ என்றுதான் வரும். ‘இரவு 2 மணிக்குக் குழந்தைக்கு முடியாமல் போனபோது என்ன செய்தார்?’ என்று கேளுங்கள். குழந்தை மருத்துவத்தில் அவர் பெற்ற பட்டத்தையும், மருத்துவக் குழுமத்தில் பதிவு இருப்பதையும் சரிபாருங்கள்.

நோய் இல்லாத நாளில் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. கேட்க வேண்டியவை சில: கிளினிக் மூடிய பிறகு யாரை அழைப்பது? நீங்கள் ஊரில் இல்லாதபோது யார் பார்ப்பார்? சேர்க்க வேண்டிய நிலை வந்தால் எந்த மருத்துவமனை, அங்கே நீங்களே வருவீர்களா? தடுப்பூசிக்கு வரும் குழந்தைகளையும் காய்ச்சலோடு வருபவர்களையும் எப்படிப் பிரித்து உட்கார வைக்கிறீர்கள்? பதில் சொல்லும் நேரத்தில் அவர் குழந்தையோடு பேசுகிறாரா என்பதையும் பாருங்கள். தூரமும் ஒரு தகுதிதான். ஒரு மணி நேரப் பயணம் என்றால், போக வேண்டிய அன்றும் ‘நாளை பார்க்கலாம்’ என்று தோன்றும்.

வளரிளம் பருவத்துப் பிள்ளை என்றால் அவர்கள் கருத்தைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். பிள்ளையோடு தனியாகச் சிறிது நேரம் பேசுவதை வழக்கமாக வைத்திருக்கும் டாக்டர் அந்த வயதுக்குப் பொருத்தமானவர். அக்காவுக்கு வேறு டாக்டர், தம்பிக்கு வேறு டாக்டர் என்று இருப்பதில் தவறில்லை. குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்தே மாற வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

கோப்பைக் கைமாற்றுவது

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாய்மொழியாகச் சொன்னால் போதும் என்று நினைத்துப் போய், ‘மூணு ஊசி போட்டோம்னு நினைக்கிறேன்’ என்பார்கள். எழுத்தில் ஆதாரம் இல்லாத தடுப்பூசியைப் பொதுவாகப் போடாததாகவே கணக்கில் எடுப்பார்கள். குழந்தை மறுபடி குத்துப்பட வேண்டியிருக்கும்.

பழைய கிளினிக்கிடம் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்க வேண்டியவை:

- தடுப்பூசிப் பதிவு: ஊசியின் பெயர், எத்தனையாவது தவணை, தேதி, தொகுதி எண் (பேட்ச் நம்பர்). உயிருள்ள கிருமி கொண்ட இரண்டு ஊசிகளை ஒரே நாளில் போட வேண்டும், இல்லாவிட்டால் நடுவே 4 வாரம் விட வேண்டும். தேதி இல்லாமல் புதியவரால் இதைக் கணக்கிட முடியாது.
- பிறப்பு விவரம்: எத்தனையாவது வாரம், எடை, மஞ்சள் காமாலைக்கு ஒளிச் சிகிச்சை நடந்ததா, தீவிர சிகிச்சையில் இருந்ததா, பிறந்ததும் செய்த செவித்திறன், தைராய்டு பரிசோதனை முடிவுகள்.
- எடை, உயரம், தலைச்சுற்றளவு அளவுகள் தேதிகளோடு. வரைபடத்தின் நகல் கிடைத்தால் இன்னும் நல்லது.
- ரிப்போர்ட்டுகள், எக்ஸ்ரே, ஸ்கேன், மருத்துவமனையில் சேர்த்து அனுப்பிய சுருக்கம் (டிஸ்சார்ஜ் சம்மரி).
- முடிவு வராத பரிசோதனைகள், வேறு நிபுணரிடம் காட்டச் சொல்லித் தந்து, நிலுவையில் உள்ள சிபாரிசுக் கடிதங்கள்.

ஒவ்வாமையை மட்டும் நீங்களே தனியாக எழுதுங்கள். ‘பென்சிலின் அலர்ஜி’ என்ற இரண்டு சொல் போதாது. எந்த மருந்து, எத்தனையாவது வேளையில், கொடுத்து எவ்வளவு நேரத்தில், என்ன ஆனது (தடிப்பா, முகவீக்கமா, மூச்சுத்திணறலா), என்ன சிகிச்சை தந்தார்கள் என்று வேண்டும். வைரஸ் காய்ச்சலால் வந்த தடிப்பை மருந்தின்மேல் போட்டு, நல்ல மருந்துகளை வாழ்நாள் முழுக்கத் தவிர்க்கும் குழந்தைகள் பலர். விவரம் இருந்தால் புதியவர் அதை மறுபடி ஆராய முடியும்.

வாங்கியதையெல்லாம் போனிலும் படம் எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் சுருக்கி முதல் சந்திப்புக்குக் கொண்டுபோனால் அரை மணி நேரம் மிச்சம்.

எந்த நேரத்தில் மாறுவது

நோயின் நடுவில் மாறாதீர்கள், ஆபத்தான காரணம் இருந்தாலொழிய. இன்று பார்க்கும் புதியவருக்கு நேற்று மார்புச் சத்தம் எப்படி இருந்தது என்று தெரியாது. தடுப்பூசி நாள் நெருங்கியிருந்தால் பழைய இடத்திலேயே போட்டுவிட்டு மாறுங்கள். ஏற்கனவே தவணை தள்ளிப்போயிருந்தாலும் பயம் வேண்டாம். பெரும்பாலான ஊசிகளை முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை நோய், இதயக்கோளாறு போன்று தொடர் சிகிச்சையில் உள்ள குழந்தைக்கு இடைவெளியே கூடாது. குறைந்தது ஒரு மாதத்துக்கான மருந்தையும் சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு மாறுங்கள். வலிப்பு மருந்தை இரண்டு நாள் நிறுத்தினாலே வலிப்பு திரும்பலாம். புதியவர் ஒரு முறை பார்த்து அளவுகளை உறுதி செய்யும் வரை பழையவருடனான தொடர்பை அறுக்காதீர்கள்.

யாரிடம் காட்டுவது என்று முடிவாகாத இடைக்காலத்தில் கீழே உள்ளவை வந்தால் எந்த டாக்டர் என்று யோசிக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்: 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்குவது, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, அழுத்தினால் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள். மூச்சைக் குழந்தை அமைதியாக இருக்கும்போது முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமூச்சு. அன்றைக்கே காட்ட வேண்டும்.

மாறிய பிறகு

பழைய டாக்டருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ‘இனி வேறு டாக்டரிடம் காட்டப் போகிறோம், இதுவரை பார்த்ததற்கு நன்றி. நிலுவையில் உள்ள ரிப்போர்ட் வந்தால் இந்த எண்ணுக்குத் தெரிவியுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால் போதும். காரணம் கேட்டால் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

புதியவரை முதல் சந்திப்பில் எடைபோடாதீர்கள். அன்று அவர் கோப்பைப் படிப்பதிலேயே பாதி நேரம் போகும். மூன்று சந்திப்பு ஆகட்டும். எடை, வரைபடம், கிளம்பும்போது சொல்லும் எச்சரிக்கை என்று அதே அளவுகோலை இவருக்கும் வையுங்கள். ஓர் ஆண்டுக்குள் மூன்றாவது டாக்டரைத் தேட வேண்டிய நிலை வந்தால், முதலில் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். இருவர்மீதும் ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்திருந்தால், அதை மூன்றாவது ஆளிடம் கொண்டுபோகாமல் இப்போதிருப்பவரிடமே ஒரு கேள்வியாக வையுங்கள்.